2 லேப், 46 கம்ப்யூட்டர், 600 பிள்ளைகள்: யூசர் அக்கவுண்ட்டை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

திண்டுக்கல்_லேப்

எல்லோருக்கும் வணக்கம். அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன். லேபைப் பார்த்துக்கொள்வதும் நானேதான், தனியாக ஆள் கிடையாது. முதல் லேபில் 26 சிஸ்டம், எல்லாம் உபுண்டு 22.04 (லினக்ஸ்). இரண்டாவது லேபில் 20, விண்டோஸ் 10. அதில் சில ப்ரோ, சில ஹோம்.

இதுவரை +1, +2 பிள்ளைகளுக்கு மட்டும் ஒவ்வொரு மெஷினிலும் உட்கார்ந்து கையால் அக்கவுண்ட் போட்டிருந்தது. ஒரு பிள்ளைக்கு 7-ஆம் நம்பர் மெஷின் என்றால் வருஷம் முழுக்க அதில்தான் உட்கார வேண்டும். அந்த மெஷினில் எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி) போனால் பிள்ளையின் பைத்தான் ப்ரோகிராமும் சேர்ந்து சர்வீஸுக்குப் போய்விடும்.

இதைச் சரிசெய்யலாம் என்று ஒரு மெஷினில் உபுண்டு சர்வர் போட்டு, பிள்ளைகளின் ஃபைல் இருக்கும் ஹோம் ஃபோல்டர்களை என்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் முறை) வழியாக முதல் லேபுக்குக் கொடுத்தேன். வினை அங்கேதான் ஆரம்பம். 12-ஆம் மெஷினில் ஒரு பையன் லாகின் செய்தால், வேறொரு பெண்பிள்ளையின் ஃபைல்களை அவனால் திறக்க முடிகிறது, அழிக்கவும் முடிகிறது. அவனுடைய சொந்த ஃபோல்டரோ 'அனுமதி இல்லை' என்கிறது. பெயர் சரி, பாஸ்வேர்டும் சரி. என்ன நடக்கிறது? இதைவிட நல்ல வழி ஏதாவது இருக்கிறதா?

வேர்ப்பயனர்

டீச்சர், சர்வரில் கோளாறு எதுவும் இல்லை. ஃபைல் யாருடையது என்பதை லினக்ஸ் பெயரை வைத்து முடிவு செய்வதில்லை, யூஐடி என்ற எண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறது. உபுண்டுவில் முதல் யூசருக்கு 1000, அடுத்தவருக்கு 1001 என்று போகும். 7-ஆம் மெஷினில் நாலாவதாகப் போட்ட பிள்ளைக்கு 1003. 12-ஆம் மெஷினில் நாலாவதாகப் போட்ட பையனுக்கும் 1003. தனித்தனி டிஸ்க்காக இருந்தவரை இது யாருக்கும் தெரியவில்லை. இப்போது 12-ஆம் மெஷின் 'நான் 1003' என்று சொல்கிறது, சர்வரும் மறுபேச்சில்லாமல் நம்புகிறது. சாதாரண என்எஃப்எஸ்ஸின் குணமே அதுதான், மெஷின் என்ன சொன்னாலும் நம்பும்.

சந்தேகமிருந்தால் இரண்டு மெஷினிலும் டெர்மினலில் ஐடி கமாண்டை அடித்து எண்ணைப் பாருங்கள். முதல் வேலையாக என்எஃப்எஸ்ஸை நிறுத்தி வையுங்கள், யாராவது அடுத்தவர் ப்ராஜெக்டை அழித்துவிடப் போகிறார்கள்.

அப்புறம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு எண், படித்து முடித்துப் போகும்வரை மாறாது. 20000-லிருந்து தொடங்கினால் மெஷினில் ஏற்கெனவே இருக்கும் எண்களோடு மோதாது. அந்தப் பட்டியலை பல அக்கவுண்ட்டை ஒன்றாகப் போடும் நியூயூசர்ஸ் கமாண்ட் கேட்கும் வடிவத்துக்கு மாற்றினால் 26 மெஷினுக்கும் அன்சிபிள் (பல மெஷினுக்கு ஒரே வேலையை அனுப்பும் கருவி) வைத்து ஒரே தடவையில் அனுப்பிவிடலாம். செலவில்லை.

குறை ஒன்று உண்டு. பிள்ளை ஒரு மெஷினில் பாஸ்வேர்ட் மாற்றினால் அது மற்ற 25-க்கும் தெரியாது.

டொமைன்காரர்

> குறை ஒன்று உண்டு

அந்த ஒரு குறையே போதும், இரண்டாவது வாரத்தில் இந்தத் திட்டம் படுத்துவிடும். அதோடு விண்டோஸ் லேபை யார் பார்ப்பது?

மேடம், நான் ஒரு கல்லூரியில் இதே வேலையில் இருக்கிறேன். உங்களுக்குத் தேவை ஒரு டொமைன் கன்ட்ரோலர், அதாவது எல்லா மெஷினின் லாகினையும் ஓரிடத்திலிருந்து சரிபார்க்கும் சர்வர். மைக்ரோசாஃப்ட் சர்வர் லைசென்ஸ் வாங்க நிர்வாகம் சம்மதிக்காது என்றால் சாம்பா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2012 டிசம்பரில் வந்த 4.0-விலிருந்தே அது ஆக்டிவ் டைரக்டரி (மைக்ரோசாஃப்ட்டின் டொமைன் முறை) கன்ட்ரோலராக வேலை செய்யும். அக்கவுண்ட் எல்லாம் ஓரிடத்தில் இருக்கும். விண்டோஸும் உபுண்டுவும் அதில் சேரும். பாஸ்வேர்டை எங்கே மாற்றினாலும் எல்லா இடத்துக்கும் அதுதான்.

ஆரம்பிக்கும் முன் இரண்டு விஷயம். விண்டோஸ் ஹோம் டொமைனில் சேராது. அந்த மெஷின்களை ப்ரோவுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் உபுண்டு போட்டுவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவே 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது என்பதால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அடுத்து, டொமைன் பெயரை '.லோக்கல்' என்று முடிக்காதீர்கள். உபுண்டுவில் இருக்கும் அவாஹி (நெட்வொர்க்கில் மெஷின்களைத் தேடும் சேவை) அந்தப் பெயரைத் தனக்கென்று வைத்திருக்கிறது. எங்கே தப்பு என்றே தெரியாமல் ஒரு நாள் முழுக்க டிஎன்எஸ்ஸோடு (பெயரை முகவரியாக மாற்றும் சேவை) மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

எல்லா மெஷினுக்கும் டிஎன்எஸ் முகவரி அந்த சாம்பா சர்வராகத்தான் இருக்க வேண்டும், ரூட்டராக இருக்கக் கூடாது. டொமைனில் சேரவில்லை என்று வரும் புகாரில் பாதி இதுதான்.

வேர்ப்பயனர்

டொமைன்காரர் சொல்வது சரிதான், ஆனால் தனியாளாக லேபைப் பார்க்கும் ஒரு டீச்சருக்கு அது கொஞ்சம் பெரிய சுமை. முதல் லேப் முழுக்க உபுண்டு என்றால் எல்டிஎஸ்பி-யையும் ஒரு பார்வை பாருங்கள். 2019-ல் முழுக்கத் திருப்பி எழுதினார்கள். கிரேக்க நாட்டுப் பள்ளி லேப்களுக்காக உழைத்தவர்கள் கைவண்ணம், அதனால் வகுப்பறைக்கென்றே தைத்தது போலிருக்கும். ஒரு சர்வரில் உபுண்டுவை உங்களுக்கு வேண்டிய மாதிரி அமைத்து அதையே இமேஜாக எடுத்துவிட்டால், 26 மெஷினும் நெட்வொர்க் வழியாக அதிலிருந்து பூட் ஆகும். அக்கவுண்ட் சர்வரில் மட்டும் இருந்தால் போதும். பிள்ளை லாகின் செய்யும்போது எஸ்எஸ்எச் (பாதுகாப்பான இணைப்பு முறை) வழியாகச் சரிபார்த்து, ஹோம் ஃபோல்டரையும் அதே வழியில் கொண்டுவரும். என்எஃப்எஸ் மாதிரி சொன்னதையெல்லாம் நம்பாது.

சுவிட்சு மட்டும் கிகாபிட்டாக இருக்க வேண்டும். பழைய 100 எம்பிபிஎஸ் சுவிட்சில் 26 மெஷினையும் ஒன்றாகப் போட்டால், பெல் அடிக்கும்போதுதான் டெஸ்க்டாப் வரும்.

எல்லாம் சேர்த்து ஆயத்தமாக வேண்டும் என்றால் டெபியன் எடு என்ற பள்ளிகளுக்கான லினக்ஸ் இருக்கிறது. நார்வேயில் 2001-ல் ஸ்கோலெலினக்ஸ் என்று தொடங்கியது. எல்டாப் (அக்கவுண்ட் பட்டியல்), கெர்பரோஸ் (லாகின் சரிபார்ப்பு முறை), அக்கவுண்ட் போட கோசா என்ற வெப் பக்கம் என்று எல்லாம் அதிலேயே வரும்.

டொமைன்காரர்

எல்டிஎஸ்பி-யில் சர்வர் படுத்தால் லேபே படுத்துவிடும். என் முறையில் சர்வர் இல்லாவிட்டாலும், ஏற்கெனவே அந்த மெஷினில் நுழைந்த பிள்ளைகள் எஸ்எஸ்எஸ்டி (லாகினைக் கவனிக்கும் லினக்ஸ் சேவை) சேமித்து வைத்த பாஸ்வேர்டில் உள்ளே போகலாம்.

வேர்ப்பயனர்

உள்ளே போய் என்ன செய்வார்கள்? ஃபைல் எல்லாம் படுத்துக்கிடக்கிற சர்வரில்தானே இருக்கிறது!

பிளஸ்டூ_பாஸ்

நான் போன வருஷம்தான் +2 முடித்தேன். பெரியவர்கள் சண்டைக்கு நடுவில் மாணவர் தரப்பிலிருந்தும் கொஞ்சம்.

எங்கள் ஸ்கூலில் எல்லோருக்கும் பிறந்த தேதிதான் பாஸ்வேர்ட். பிறந்தநாளுக்குக் கலர் டிரஸ் போட்டு வகுப்பு முழுக்கச் சாக்லேட் கொடுக்கிற ஊரில் அதெல்லாம் ஒரு ரகசியமா? வருஷத்தைக்கூட யோசிக்க வேண்டியதில்லை, எல்லோரும் ஒரே வயசுதான். ஒருத்தன் ப்ரோகிராமில் இன்னொருத்தன் போய் வேரியபிள் பெயரையெல்லாம் நடிகர் பெயராக மாற்றி வைத்ததுண்டு. எக்ஸாமுக்கு முந்தின நாள்.

இன்னொன்று. பயாஸுக்கு (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் ப்ரோகிராம்) பாஸ்வேர்ட் போடுங்கள். பென்டிரைவில் பூட் செய்தால் உங்கள் அக்கவுண்ட் கட்டுப்பாடு எதுவும் நிற்காது. யார் செய்தது என்று கேட்காதீர்கள் :)

யாழ்_ஐசிடி

வணக்கம். யாழ்ப்பாணத்தில் தரம் 10, 11 மாணவர்களுக்கு ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) கற்பிக்கிறேன். எங்கள் ஆய்வுகூடத்தில் கணினி குறைவு, ஒன்றுக்கு இரண்டு பிள்ளைகள். அப்போது யாருடைய கணக்கில் நுழைவது? ஒரு பிள்ளையின் கணக்கில் சேமித்தால் அந்தப் பிள்ளை வராத நாளில் மற்றப் பிள்ளை சும்மா இருக்க வேண்டும்.

நாங்கள் செய்தது இது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக்கணக்கு உண்டு. அதற்கு மேல் சோடிக்கு ஒரு பொதுக் கோப்புறை. அனுமதியை 2770 என்று வைத்தோம். முன்னால் இருக்கும் 2 காரணமாக, உள்ளே யார் கோப்பை உருவாக்கினாலும் அது அந்தச் சோடியின் குழுவுக்கே சேரும். அது மட்டும் போதாது, குழுவில் உள்ளவர் எழுதவும் வேண்டும் என்றால் இயல்புநிலை ஏசிஎல்-ஐயும் (கூடுதல் அனுமதிப் பட்டியல்) போட வேண்டும். அதை விட்டால் ஒரு பிள்ளை எழுதியதை மற்றப் பிள்ளை வாசிக்கலாம், திருத்த ஏலாது.

திண்டுக்கல்_லேப்

யாழ் சார், எங்கள் 9, 10-ஆம் வகுப்பிலும் இதே கதைதான், ஒரு சிஸ்டத்துக்கு இரண்டு பேர். ஜோடி ஃபோல்டர் யோசனையைக் கட்டாயம் எடுத்துக்கொள்கிறேன்.

யூஐடி சோதித்தேன், வேர்ப்பயனர் சார் சொன்னது அப்படியே. என்எஃப்எஸ்ஸை நிறுத்திவிட்டேன்.

இப்போது பெயர் விஷயத்தில் நிற்கிறேன். +1-ல் மட்டும் மூன்று கவிதா. இனிஷியல் சேர்த்தால் இரண்டு எஸ். கவிதா. ரோல் நம்பர் வைக்கலாமா? எமிஸ் நம்பர் (கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கும் எண்) வைக்கலாமா?

டொமைன்காரர்

ரோல் நம்பர் ஒவ்வொரு ஜூனிலும் மாறும், வேண்டாம். எமிஸ் எண் மாறாது, ஆனால் நீளம். வெறும் இலக்கங்களில் யூசர்நேம் வைப்பதும் லினக்ஸில் வம்பு. சில கமாண்டுகள் அதைப் பெயரா, யூஐடியா என்று குழம்பும், சில ஏற்கவே ஏற்காது.

பள்ளி அட்மிஷன் நம்பர்தான் நல்லது. முன்னால் ஓர் எழுத்து, சேர்ந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், பிறகு அட்மிஷன் நம்பர். எட்டுப் பத்து எழுத்துக்குள் முடியும். 20 எழுத்தைத் தாண்டினால் விண்டோஸ் பக்கம் ஏற்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் லாகின் பெயர் மட்டும்தான். காட்சிப் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், சாம்பா தாராளமாக ஏற்கும். பிள்ளை உள்ளே வந்ததும் 'ச. கவிதா' என்று தமிழில் தெரியும்.

குரூப்புக்குப் பெயர் வைப்பதுதான் பலருக்கும் தோன்றாத இடம். '8ஏ', '9பி' என்று வைத்தால் வருஷா வருஷம் 600 பேரை இடம் மாற்ற வேண்டும். +2 முடிக்கப்போகும் ஆண்டை வைத்துப் பெயரிடுங்கள். 2028-ல் முடிக்கிற பிள்ளை எந்த வகுப்பில் இருந்தாலும் '2028' குரூப்தான். ஃபெயிலாகி நிற்பவர், இடையில் வந்து சேர்பவர் என்று ஒரு சிலரைத்தான் கையால் தொட வேண்டியிருக்கும்.

டிசி வாங்கிப் போனவரின் அக்கவுண்ட்டை உடனே அழிக்காதீர்கள், முடக்கி வையுங்கள். ஃபைலைக் கேட்டு ரிசல்ட்டுக்குப் பிறகும் வருவார்கள். அவருடைய யூஐடியை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் பழைய பிள்ளையின் ஃபைல் புதுப் பிள்ளைக்குச் சொந்தமாகிவிடும், நீங்கள் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அப்பா போன் நம்பர், ஆதார் என்று எதையும் போட்டு வைக்காதீர்கள். டொமைனில் இருக்கிற எந்த அக்கவுண்ட்டாலும் அதில் பெரும்பாலானதைப் படிக்க முடியும். 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள்தான், தேவையில்லாத தகவலை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

நடுநிலை_ஹெச்எம்

எல்லாம் படித்தேன். ஒரு கேள்வி: ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தனி அக்கவுண்ட் எதற்கு?

பீரியட் 40 நிமிடம். வரிசையில் வந்து, செருப்பைக் கழற்றி, இடம் பிடித்து உட்கார 5 நிமிடம். பாஸ்வேர்ட் அடிக்கத் தெரியாமல், கேப்ஸ் லாக் தெரியாமல், மறந்துபோய், 'சார், உள்ளே போகல' என்று கை தூக்கி இன்னொரு 10 நிமிடம். பெயின்டும் டைப்பிங்கும் பழகும் பிள்ளைக்குச் சேமித்து வைக்க என்ன இருக்கிறது? நாங்கள் எட்டாம் வகுப்பு வரை ஒரே பொது அக்கவுண்ட். ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும். வால்பேப்பரை மாற்றினாலும் கவலையில்லை.

வேர்ப்பயனர்

ஐயா சொல்வதோடு முழுக்க உடன்படுகிறேன். தனி அக்கவுண்ட்டால் பயன், வேலை தொடரும்போதுதான். போன வகுப்பில் விட்ட இடத்திலிருந்து இந்த வகுப்பில் பிடிக்க வேண்டும் என்றால் வேண்டும், இல்லையென்றால் வேண்டாம்.

டொமைன்காரர்

நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும். ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பும் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருளை டொமைனில் சேர்ந்த விண்டோஸ் மெஷினில் போட்டால், மாதத்துக்கு ஒரு முறை பிரச்சினை வரும். டொமைனில் பிள்ளைக்கு மட்டுமல்ல, மெஷினுக்கும் ஒரு பாஸ்வேர்ட் உண்டு. 30 நாளுக்கு ஒரு முறை மெஷின் அதைத் தானே மாற்றிக்கொள்ளும். ரீஸ்டார்ட்டில் டிஸ்க் பழைய பாஸ்வேர்டுக்குத் திரும்பிவிடும், சர்வரிலோ புதியது இருக்கும். அப்புறம் 'டொமைனுடனான நம்பிக்கை உறவு முறிந்தது' என்று திரையில் வரும், யாரும் நுழைய முடியாது. அந்தத் தானியங்கி மாற்றத்தை முதலிலேயே நிறுத்திவிட்டு ஃப்ரீஸ் செய்யுங்கள்.

சர்வீஸ்_அண்ணன்

நான் சாஃப்ட்வேர் ஆள் இல்லை, பள்ளிக்கூட லேப்களுக்கு மெஷின் சர்வீஸ் செய்பவன். டொமைன் போட்ட ஒரு பள்ளியிலிருந்து ஒரே மெஷினுக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். எந்தப் பிள்ளை பாஸ்வேர்ட் போட்டாலும் உள்ளே விடவில்லை, பக்கத்து மெஷினில் அதே பாஸ்வேர்ட் வேலை செய்கிறது. சாரும் பாஸ்வேர்டை ரீசெட் செய்துகொண்டே இருந்திருக்கிறார்.

போய்ப் பார்த்தால் திரையில் தேதி 2015. பயாஸ் பேட்டரி காலி. மெயின் ஸ்விட்சை அணைத்ததும் மெஷின் தன் பிறந்த வருஷத்துக்குப் போய்விடுகிறது. டொமைன் லாகினுக்கு சர்வர் நேரமும் மெஷின் நேரமும் 5 நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாதாம். அந்த சிஆர்2032 பேட்டரியின் விலை 50 ரூபாய்க்குள். டீச்சர், பழைய மெஷின் எல்லாவற்றுக்கும் லீவிலேயே மாற்றிவிடுங்கள். சர்வருக்கு யூபிஎஸ் இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள்.

டொமைன்காரர்

அண்ணே, இது அனுபவம். அந்த 5 நிமிடம் கெர்பரோஸின் கணக்கு. உபுண்டு மெஷின்களில் க்ரோனி (நேரத்தைச் சரிசெய்யும் மென்பொருள்) போட்டு, பூட் ஆகும்போதே நேரத்தை சர்வரிடமிருந்து வாங்கும்படி வைத்தாலும் இது அடங்கும்.

திண்டுக்கல்_லேப்

அண்ணா, மிக்க நன்றி. எங்கள் லேபிலும் இரண்டு மெஷின் காலையில் பழைய தேதி காட்டும், இதுவரை சும்மா விட்டிருந்தோம்.

இப்படி முடிவு செய்திருக்கிறேன். 6 முதல் 8 வரை பொது அக்கவுண்ட். 9-லிருந்து தனி அக்கவுண்ட், 9, 10-க்கு ஜோடி ஃபோல்டரும். விண்டோஸ் ஹோம் மெஷின்களை உபுண்டுவாக்கி, எல்லாவற்றையும் சாம்பா டொமைனில் சேர்ப்பது. எல்டிஎஸ்பி ஆசையாகத்தான் இருந்தது, எங்கள் சுவிட்சு தாங்காது. முதலில் 4 மெஷினில் மட்டும் ஓட்டிப் பார்க்கிறேன்.

இரண்டு சந்தேகம். பாஸ்வேர்ட் மறந்தவருக்கு ரீசெட் செய்ய ஒவ்வொரு தடவையும் அட்மின் அக்கவுண்ட்டில் நுழைய வேண்டுமா? ஹோம் ஃபோல்டர் முழுக்க சர்வரிலேயே இருக்க வேண்டுமா?

டொமைன்காரர்

முதல் சந்தேகத்துக்கு: வேண்டாம். மாணவர் அக்கவுண்ட்களை ஒரு தனி ஓயூ-வில் (டொமைனுக்குள் ஒரு பிரிவு) வைத்து, அதில் பாஸ்வேர்ட் ரீசெட் செய்யும் உரிமையை மட்டும் ஆசிரியர் குரூப்புக்குக் கொடுங்கள். ஆசிரியர் அக்கவுண்ட்களை அவர்களால் தொட முடியாது.

சாம்பா ஆரம்பத்திலேயே சிக்கலான பாஸ்வேர்ட் கேட்கும். மாணவருக்கு அந்தக் கட்டுப்பாட்டை நீக்கி, நீளத்தை மட்டும் 8 என்று வைக்கலாம். இரண்டு எளிய சொல்லைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், பிறந்த தேதி கூடாது. ஆசிரியர்களுக்குத் தனியாகக் கடுமையான விதி வைக்க 4.9 பதிப்பிலிருந்து வசதி இருக்கிறது.

கீபோர்டையும் கவனியுங்கள். தமிழ்99-ல் தட்டச்சு செய்துவிட்டு ஸ்கிரீனை லாக் செய்த பிள்ளை திரும்ப வந்து பாஸ்வேர்ட் அடித்தால் தமிழ் எழுத்து விழலாம், புள்ளிகளுக்குள் அது தெரியாது. எத்தனை தடவை அடித்தாலும் தப்பு என்றே வரும். மொழிக் குறியை முதலில் பார்க்கப் பழக்குங்கள்.

வேர்ப்பயனர்

இரண்டாவதற்கு நான். முழு ஹோமையும் சர்வரில் வைக்காதீர்கள். ஃபயர்ஃபாக்ஸ் ஒன்றே போதும் உயிரை எடுக்க. அது தன் ப்ரொஃபைலில் ஒரு பூட்டு ஃபைலை வைத்து, எந்த மெஷினில் திறந்திருக்கிறது என்று எழுதி வைக்கும். கரண்ட் போய் மெஷின் அணைந்தால் அந்தப் பூட்டு அப்படியே கிடக்கும். பிள்ளை வேறு மெஷினில் உட்கார்ந்தால் 'ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது' என்று சொல்லித் திறக்க மறுக்கும்.

ஹோம் அந்தந்த மெஷினிலேயே முதல் லாகினில் தானாக உருவாகட்டும், பாம்_எம்கேஹோம்டிர் அதைச் செய்யும். அதற்குள் 'என் வேலை' என்று ஒரு ஃபோல்டர் மட்டும் சர்வரிலிருந்து வரட்டும். பாம்_மவுண்ட் போட்டால், பிள்ளை அடித்த அதே பாஸ்வேர்டில் எஸ்எம்பி (விண்டோஸின் ஃபோல்டர் பகிர்வு முறை) வழியாக அது இணையும், யூஐடியை வைத்து ஏமாற்ற முடியாது. பைத்தான் ஃபைல், ரைட்டர் ஃபைல் எல்லாம் அங்கே. விண்டோஸிலும் ரோமிங் ப்ரொஃபைல் (மொத்த செட்டிங்கும் மெஷினுக்கு மெஷின் கூடவே வருவது) வைக்காமல், டாக்குமென்ட்ஸை மட்டும் அதே இடத்துக்குத் திருப்பிவிடுங்கள். 'என் வேலை'க்கு ஆளுக்கு ஒரு அளவு வைத்துவிடுங்கள், இல்லையென்றால் சினிமாப் படத்தால் நிரம்பும்.

திண்டுக்கல்_லேப்

கடைசியாக ஒன்று. +2 பிராக்டிகலுக்கு வெளியிலிருந்து எக்ஸாமினர் வருவார். பிள்ளைகள் தங்கள் அக்கவுண்ட்டில் நுழைந்தால் வருஷம் முழுக்கச் செய்த ப்ரோகிராமெல்லாம் கண் முன்னாலேயே இருக்குமே?

வேர்ப்பயனர்

பரீட்சைக்குத் தனி அக்கவுண்ட். 'எக்ஸாம்01' முதல் 'எக்ஸாம்26' வரை, மெஷினுக்கு ஒன்று, 'என் வேலை' காலி. எஸ்எஸ்எஸ்டி-யில் அனுமதிக்கப்பட்ட குரூப் என்று எக்ஸாம் குரூப்பையும் ஆசிரியர் குரூப்பையும் மட்டும் அந்த ஒரு நாளுக்குக் குறிப்பிட்டால், பிள்ளை தன் அக்கவுண்ட்டை அடித்தாலும் உள்ளே விடாது. காலை பேட்ச் முடிந்ததும் 26 ஃபோல்டரையும் பேட்ச் பெயர் போட்டு எடுத்து வைத்துவிட்டு, காலி செய்து மதிய பேட்சுக்குக் கொடுங்கள். மெஷினிலேயே இருக்கும் எக்ஸாம் ஹோம்களையும் மறக்காமல் அழியுங்கள். டெஸ்க்டாப்பில் சேமித்துவிட்டுப் போகிறவர்கள் கட்டாயம் இருப்பார்கள்.

இன்டர்நெட்டை நிறுத்த சுவிட்சிலிருந்து ரூட்டருக்குப் போகும் வயரைப் பிடுங்கினால் போதும். சர்வர் அதே சுவிட்சில் இருப்பதால் லாகினுக்கு ஒன்றும் ஆகாது.

பிளஸ்டூ_பாஸ்

டீச்சர், செல்போன் ஹாட்ஸ்பாட்டையும் பாருங்கள். யூஎஸ்பி வைஃபை ஒன்று சொருகினால் வயரைப் பிடுங்கியும் பயனில்லை.